பதில் உண்டா?

கடைக்குள் நுழைந்ததும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எந்த ஆட்டம்?" என்பதுதான். கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்த இளைஞர் அதை, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பவரைப் போல வெகு இயல்பாகக் கேட்டார். நான் விழித்தேன். கார்டுகளைச் சேர்த்தும் மாற்றிக்கொண்டும் ஆடும் ட்ரேடிங் கார்டு கேம் என்றால் ஒரே ஆட்டம், அதற்கு ஒரே வகைக் கட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 15 வயது அக்கா மகன் முந்திக்கொண்டு, "எனக்கு மேஜிக். சித்தி சும்மா பார்க்க வந்திருக்காங்க" என்றான். இளைஞர் அவன் பெயரைப் பதிந்துகொண்டு, எனக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலியைக் காட்டினார்.

அந்த நாற்காலியில் ஆறு வெள்ளிக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். மேஜிக் ஆடுகிறவர்களுக்கு வெள்ளி மாலை என்பது, ‘ஃப்ரைடே நைட் மேஜிக்’ என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து கடைகளில் நடந்துவரும் போட்டிக்கான நேரம். முதல் வாரம் பையனைக் கொண்டுவந்து விட்டுத் திரும்ப அழைத்துப்போவது மட்டுமே என் நோக்கமாக இருந்தது. அருகில் இருந்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள், "பையனுக்காகக் காத்திருக்கிறீர்களா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள் என்றாலும், என் வயதில் ஒரு பெண் இந்த அறைக்கு வேறு எதற்காக வந்திருக்க முடியும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. முப்பது பேருக்கு மேல் இருந்த அந்த அறையில் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் இருவர்தாம் என்பதை நான் அதற்குள் எண்ணியிருந்தேன்.

ஆட்டத்தின் பொருள் விளங்காதவருக்கு முதலில் கிடைப்பது அதன் ஓசைதான். பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்ட கார்டுகளைக் கையில் விசிறியாகப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருப்பதைப் பின்னுக்கும் பின்னால் இருப்பதை முன்னுக்குமாகச் சடசடவென்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கையில் இருப்பவை ஐந்தோ ஏழோ. அவற்றை அடுக்க இத்தனை பாடு வேண்டியதில்லை. யோசிக்கும்போது சிலர் காலாட்டுவதைப் போன்ற பழக்கம் அது என்று இரண்டாவது வாரம் புரிந்தது. அறை முழுவதும் ஒரே நேரத்தில் அந்த ஓசை எழும்போது, தகரக் கூரையில் தூறல் விழுவது போலிருக்கும்.

அதே இரண்டாவது வாரத்தில், எந்த மேசையில் எந்த ஆட்டம் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லவும் தெரிந்துவிட்டது. போக்கிமான் ஆடுகிறவர்கள் தங்கள் பக்கத்தில் ஆறு கார்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்; எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஆறும் தீர்ந்துவிட்டால் வெற்றி. யூ-கி-ஓ கார்டுகள் அளவில் சற்றுச் சிறியவை. மற்ற இரண்டும் 63-க்கு 88 மில்லிமீட்டர் என்றால் இவை 59-க்கு 86. எண்களோ பெரியவை. இருவரும் 8000 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குவதால் மேசையில் கால்குலேட்டரும் ஓர் ஆட்டக்காரரைப் போல உட்கார்ந்திருக்கும். மேஜிக்கில் தொடக்கம் வெறும் 20 புள்ளிகள். பயன்படுத்திய கார்டைப் பக்கவாட்டில் திருப்பிவைப்பது, அவர்கள் சொல்வதுபோல ‘டேப்’ செய்வது, அந்த மேசையின் அடையாளம்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது மேஜிக்தான். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு அதை வடிவமைத்தார். விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. போக்கிமான் கார்டுகள் ஜப்பானில் 1996-இலும், கொனாமியின் யூ-கி-ஓ 1999-இலும் பின்தொடர்ந்தன. கார்டுகளைச் சேர்ப்பதும் மாற்றிக்கொள்வதும் அதற்கு முன்பே இருந்த பழக்கங்கள். இருவரும் ஒரே கட்டைப் பகிர்ந்து ஆடாமல், ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வந்து, எதிரே இருப்பவர் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று தெரியாமலே அமர வேண்டும் என்பதுதான் புதிது. வழக்கமான சீட்டாட்டத்தில் எதிராளியின் கையில் இருப்பது மட்டுமே தெரியாது. இங்கே அவருடைய கட்டில் இருப்பதும் தெரியாது.

சீட்டாட்டம் என்ற சொல்லைத் தயக்கத்துடன்தான் எழுதுகிறேன். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. ‘சீட்டாடுகிறான்’ என்றால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். அக்காவும் தொடக்கத்தில் அந்தப் பொருளில்தான் கவலைப்பட்டாள். ஆனால் கலைப்பது, வெட்டுவது, இறக்குவது, கை என்று சீட்டாட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் வினைகளும் பெயர்களும் இந்த மேசைகளுக்கு அப்படியே பொருந்துவதை மறுக்க முடியவில்லை. உண்மையில் மேஜிக்கின் தொடக்க காலத்தில் பந்தயமும் இருந்தது. ஆளுக்கொரு கார்டை ஒதுக்கிவைத்து ஆடி, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் விதி அது. அது நிலைக்கவில்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து நாற்காலியை மேசைக்கு அருகே நகர்த்திக்கொண்டேன். வேடிக்கை பார்ப்பவருக்கு அங்கே ஓர் அந்தஸ்து உண்டு. யோசனை சொல்லக்கூடாது, கையில் இருப்பதைப் பார்த்து முகபாவம் காட்டக்கூடாது. விதி மீறப்படுவது கண்ணில் பட்டால், ஆட்டத்தைச் சற்று நிறுத்தச் சொல்லிவிட்டு நடுவரை அழைக்கலாம். எதுவும் தெரியாத எனக்கு இந்த உரிமையால் பயனில்லை என்றாலும், அப்படி ஓர் உரிமை இருப்பது பிடித்திருந்தது.

அருகே அமர்ந்த பிறகுதான் பேச்சு காதில் விழத் தொடங்கியது. கார்டை இறக்குகிறார்கள், பிறகு நிற்கிறார்கள். எதிரே இருப்பவரை நிமிர்ந்து பார்க்கிறார்கள். "பதில் உண்டா?" அவர் தலையசைக்கிறார், அல்லது "சரி" என்கிறார், அல்லது "இருங்கள்" என்று தம் கையைப் பார்க்கிறார். அதன் பிறகே இறக்கிய கார்டு தன் வேலையைச் செய்கிறது. ஓர் ஆட்டத்தில் இது நூறு முறை நடக்கும்போலிருக்கிறது. பழகியவர்கள் ஒரு விரலசைவில் முடித்துவிடுவார்கள்; ஆனால் அந்த இடைவெளி இல்லாமல் எதுவும் நடப்பதில்லை.

அந்த இடைவெளிக்கு ஓர் இலக்கணம் உண்டு. பையன் அதை எனக்கு விளக்கிய விதம் இது: உன்னிடம் 2/2 கரடி ஒன்று இருக்கிறது, அதாவது இரண்டு அளவு அடிக்கும், இரண்டு அளவு அடி வாங்கினால் சாகும். நான் அதன்மேல் ‘லைட்னிங் போல்ட்’ இறக்குகிறேன், மூன்று அளவு அடி. அது உடனே விழாது. ‘ஸ்டாக்’ என்னும் அடுக்கில் போய் உட்காரும். இப்போது பதில் சொல்லும் முறை உன்னுடையது. நீ ‘ஜயண்ட் க்ரோத்’ இறக்கினால், கரடி அந்தச் சுற்று முடியும்வரை 5/5 ஆகும். அடுக்கில் கடைசியாக வந்ததே முதலில் நிறைவேறும் என்பதால் கரடி முதலில் வளரும். பிறகு விழும் மூன்று அளவு அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நீ வளர்ச்சியை இறக்கியதும் எனக்கும் பதில் சொல்லும் முறை வரும். என்னிடம் இன்னொரு போல்ட் இருந்தால் அதை வளர்ச்சியின் மேல் அடுக்குவேன். அது முதலில் நிறைவேறும், 2/2-ஆகவே இருக்கும் கரடி செத்துவிடும், உன் வளர்ச்சி வந்து பார்க்கும்போது அங்கே கரடி இருக்காது.

கழுவி அடுக்கிய தட்டுகளில் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுப்போம் என்றேன். "அதேதான், சித்தி" என்றான். இப்போது அவர்கள் கையாளும் இந்த அடுக்கு முறை 1999-இல்தான் விதிகளுக்குள் வந்தது. அதற்கு முந்தைய விதிகளோடு ஆடிய முதியவர் ஒருவர், அந்தக் காலத்தில் ஆடிய நேரத்தைவிட வாதாடிய நேரம் அதிகம் என்று கவுண்டரில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

விதிப்புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கும் விதி ஒன்றும் என்னைக் கவர்ந்தது. கார்டில் எழுதியிருப்பது பொது விதிக்கு முரணானால், கார்டு சொல்வதே செல்லும். சட்டம் படித்தவர்கள் பதறக்கூடிய ஏற்பாடுதான். ஒவ்வொரு கார்டும் தனக்கொரு விலக்கு கேட்டுக்கொண்டு வருகிறது. அந்த விலக்கைப் பொதுச்சட்டம் முன்கூட்டியே அனுமதித்துவிட்டது. அதனால்தான் மேசைகளில் அத்தனை படிக்கும் சத்தம். தெரியாத கார்டு இறங்கினால் "பார்க்கலாமா?" என்று கேட்டு, எடுத்து, உரக்கப் படித்து, திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கேட்டு எடுப்பது என்ற இந்த வழக்கம் ஆட்டத்தோடு நிற்பதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் தம் கட்டைக் கலைத்து எதிராளியின் முன் வைக்கிறார். அவர் மீண்டும் கலைக்கலாம், வெட்டலாம். மாதக்கணக்கில் தேடிச் சேர்த்த 60 கார்டுகளை, பெயர்கூடத் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இது சந்தேகத்திலிருந்து பிறந்த ஏற்பாடு என்பது எனக்குப் புரிகிறது. அடுக்கிவைத்து ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால்தான் இந்த விதி. இருந்தும் பார்வைக்கு அது சந்தேகமாகத் தெரிவதில்லை. வாங்குகிறவர் மேசைக்கு மிக அருகில் தாழ்த்தி, ஸ்லீவின் ஓரம் மடங்காமல், தம் கட்டைக் கலைப்பதைவிட மென்மையாகக் கலைக்கிறார். விருந்துக்குப் போன வீட்டில் அவர்கள் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்பவர்களின் கவனம் அது.

கலைப்பதைப் பற்றி எல்லோருக்கும் ஓர் ஆவலாதி உண்டு. 52 சீட்டுகள் கொண்ட கட்டை நன்றாகக் கலைக்க ஏழு முறை இரண்டாகப் பிரித்துப் பின்ன வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்ஸி டயகோனிஸும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 60 கார்டுகளை அத்தனை பொறுமையாகக் கலைப்பவர்கள் குறைவு. ஆனால் எவ்வளவு கலைத்தாலும் கணக்கு தன் வேலையைக் காட்டும். மேஜிக்கில் மற்ற கார்டுகளை இறக்குவதற்கான சக்தியைத் தருபவை ‘லாண்ட்’ கார்டுகள். அவை குறைந்தாலும் ஆட்டமில்லை, மிஞ்சினாலும் ஆட்டமில்லை. 60-இல் 24 லாண்ட் வைத்தால், முதலில் எடுக்கும் ஏழு கார்டுகளில் சராசரியாக 2.8 லாண்ட் வரும். கேட்பதற்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஒன்றோ ஒன்றுகூட இல்லாமலோ, அல்லது ஐந்தும் அதற்கு மேலுமாகவோ வரும் கைகளைக் கூட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு 22-ஐத் தாண்டுகிறது. ஐந்து கைகளில் ஒன்று தொடக்கத்திலேயே கோணல் என்றால், இந்த ஆட்டக்காரர்களின் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்: தோற்றவர்கள் எல்லோரும் லாண்டைப் பற்றிப் பேசினார்கள், வென்றவர் ஒருவர்கூடப் பேசவில்லை.

தோற்றவர்கள் என்றதும் சொல்ல வேண்டியது, அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை என்பது. போட்டி ஸ்விஸ் முறையில் நடக்கிறது. 1895-இல் ஜூரிக்கில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில் முதலில் கையாண்ட முறை என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வென்றவர்களை எதிரெதிரே உட்காரவைப்பார்கள். 16 பேர் என்றால் நான்கு சுற்றுகளில் தோல்வியே காணாதவர் ஒருவர் மிஞ்சுவார். மற்ற 15 பேரும் கடைசிவரை ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. இதன் விளைவாக, மூன்றாவது சுற்று முடிந்ததும் அந்த அறை இரண்டு அறைகளாகிவிடும். முதல் மேசையில் பேச்சே இருக்காது, "பதில் உண்டா?" என்பதுகூடப் புருவத்தில் முடிந்துவிடும். கடைசி மேசையில் இருவரும் மூன்று தோல்விகளோடு வந்து அமர்ந்திருப்பார்கள். இழக்க ஒன்றுமில்லை. நான் கண்டவரை, அறையிலேயே நல்ல ஆட்டம் அங்கேதான். ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவார். 50 நிமிடச் சுற்று 20 நிமிடத்தில் முடிந்ததும், கட்டுகளை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை ஆடிப் பார்ப்பார்கள். பையன் ஒரு வாரம் கடைசி மேசையில் இருந்தான். அன்று திரும்பும்போது பேசியதுபோல வேறெந்த நாளும் அவன் பேசியதில்லை.

மாற்றிக்கொள்ளும் கார்டுகள் பைண்டரில் இருக்கும். அதிலும் அதே கேள்விதான்: "பார்க்கலாமா?" பக்கத்தைப் புரட்டலாம், கார்டை உருவி எடுக்கக்கூடாது, அதை உரியவர்தான் எடுத்துத் தர வேண்டும். பிறகு இருவரும் கைப்பேசியில் விலை பார்க்கிறார்கள். இங்கேதான் என் உற்சாகம் சற்றுக் குறைந்தது. வேறொரு கடையில், தன்னைவிட மிக மூத்த ஒருவரிடம் பையன் நல்ல கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பளபளக்கும் ஃபாயில் கார்டு ஒன்றை வாங்கிவந்தான். அதன் மதிப்பு கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவருக்கு அது தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரும் கேட்டுத்தான் வாங்கினார். நான்காவது வாரம் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டேன். 12 வயதிருக்கும் சிறுவன் ஒருவன் டிராகன் கார்டு ஒன்றுக்காகத் தன் பைண்டரிலிருந்து சாதுவாகத் தெரிந்த ஒரு லாண்டை நீட்டினான். எதிரே இருந்தவர் அதை வாங்காமல், "இது என்னுடையதைவிடப் பல மடங்கு. வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வா" என்றார். சிறுவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அவனுக்கு வேண்டியது டிராகன்தான், நியாயமன்று.

பணம் உள்ளே வந்துவிட்டால் அட்டை வெறும் அட்டையாக இருப்பதில்லை. பழைய கார்டுகளில் சிலவற்றை மீண்டும் அச்சிடுவதில்லை என்று விஸார்ட்ஸ் 1996-இல் ஒரு பட்டியலை அறிவித்தது. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது, அதிலுள்ளவற்றை அந்தக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன். கமாண்டர் என்னும் ஆட்டவகையின் கதை இன்னும் கசப்பானது. நான்கு பேர் சேர்ந்து, ஆளுக்கு 100 கார்டுகளோடும் 40 புள்ளிகளோடும், அடிப்படை லாண்டைத் தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் இல்லாமல் ஆடுவது அது. ஆட்டக்காரர்களே உருவாக்கி வளர்த்த வகை என்பதால், அதன் விதிகளையும் நிறுவனத்துக்கு வெளியே ஒரு குழுவே பார்த்துவந்தது. அந்தக் குழு 2024 செப்டம்பரில் விலையுயர்ந்த சில கார்டுகளைத் தடைசெய்தது. அதன் உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. மாதம் முடிவதற்குள் நிர்வாகம் விஸார்ட்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பொழுதுபோக்குக்காக ஆடும் ஆட்டத்தில் மனிதர்கள் இந்த அளவுக்குப் போவார்களா என்று அந்த நான்கு பேர் மேசையில் கேட்டேன். ஒருவர், "போனார்கள்" என்றார். வேறு எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அதே கமாண்டர் மேசையில்தான் தொடங்குவதற்கு முன் பேசிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. உங்கள் கட்டு எவ்வளவு வேகமானது, முடிவில்லாமல் சுழலும் சேர்க்கைகள் உண்டா, இன்று நீண்ட ஆட்டம் வேண்டுமா, சுருக்கமாகவா என்று நால்வரும் கேட்டுக்கொள்கிறார்கள். பொய் சொல்பவர்களும் உண்டு. "சுமாரான கட்டுதான்" என்று சொல்லிவிட்டு நாலாவது சுற்றில் மூவரையும் வீழ்த்திய ஒருவரோடு அடுத்த ஆட்டத்துக்கு எவரும் உட்காரவில்லை. அங்கே அதற்கு வேறு தண்டனை எதையும் நான் காணவில்லை.

ஆறாவது வாரம், ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருவர் என் எதிரே வந்து அமர்ந்தார். இரண்டு கட்டுகளை மேசையில் வைத்து, "எது வேண்டுமோ எடுங்கள், அக்கா" என்றார். பையன் பார்த்துவிடக்கூடாது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். அவன் முதல் மேசைக்குப் பக்கத்தில் மும்முரமாக இருந்தான். பச்சை நிறக் கட்டை எடுத்தேன். கலைத்தேன், தாழ்த்திப் பிடிக்கத் தெரியாமல் நாலைந்து கார்டுகள் நிமிர்ந்து விழுந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் பொறுக்கி முடிக்கும்வரை காத்திருந்தார்.

முதல் கையில் ஐந்து லாண்ட். இந்தக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஏழு எடுக்கலாம், பதிலுக்கு அவற்றில் ஒன்றை அடியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். பார்க்காமலே எப்படித் தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன். என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டவள் நான்தான். இருந்தும் கூச்சத்தில், "இருக்கட்டும்" என்றேன்.

இரண்டு கரடிகளை இறக்கினேன். ஒரு முறை தவறான கரடியை முன்னால் அனுப்பிவிட்டு விழித்தபோது, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். கையில் இருந்த கார்டுகளை நானும் சடசடவென்று மாற்றிக்கொண்டிருந்தேன் என்பதை, அவர் அந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தபோதுதான் உணர்ந்தேன். எட்டாவது சுற்றில் அவர் ஒரு போல்ட்டை எடுத்து என் கடைசிக் கரடியின் முன் வைத்தார். வைத்துவிட்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"பதில் உண்டா, அக்கா?"

என் கையைப் பார்த்தேன். மூன்று கார்டுகள். மூன்றும் லாண்ட்.